உத்தரவின்றி உள்ளே வரலாமா? (ஒரு சிவப்பு விளக்கின் வரலாறு)

மொதல்லயே சொல்லிடறேன். சிவப்பு விளக்குன்னு தலைப்பைப் பார்த்துட்டு வேற எதையோ எதிர்பார்த்து வந்த மக்கள் இப்பவே அபீட் ஆகிக்கலாம். இது கிழக்கு தாம்பரத்துல எங்க வீட்டு ரூம் கதவுக்கு மேல நான் மாட்டின ஒரு விளக்கைப் பத்தின பதிவு. அதை மாட்டப் போய் நான் படிச்ச வரலாறு கொஞ்சம், அப்பாகிட்ட வாங்கின திட்டு கொஞ்சம்.

வாரத்துல மூணு நாள் நமக்கு வீட்டுல இருந்துதான் ஆணி புடுங்கற வேலை. ஹால்ல இருந்து பிரியற சின்ன ரூம்தான் ஆபீஸ். எங்க வீட்டுல ரூம் கதவைச் சாத்தற பழக்கமே கிடையாது. சாத்தினா "ஏன், என்ன கோவம்?"னுதான் கேப்பாங்க. ஒரு நாள் கிளையன்ட்டோட கால் போயிட்டிருக்கு, மைக் ஆன்ல இருக்கு, அம்மா கதவைத் திறந்து "டேய், வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா?"ன்னாங்க. அந்தப் பக்கம் எட்டு பேர். அதுல நாலு பேர் தமிழ். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஒருத்தர் "மோர்க்குழம்பு"ன்னு பதில் சொல்லிட்டாரு.

அன்னிக்கு ராத்திரிதான் முடிவு பண்ணேன், கதவுக்கு ஒரு விளக்கு வேணும். 1971ல "உத்தரவின்றி உள்ளே வா"ன்னு ஒரு படம் வந்துச்சு. நமக்கு அதுக்கு நேர் எதிர் போர்டு.

முதல் மாடல் அட்டைப் பெட்டி. எழுத்தை பிளேடால வெட்டி, பின்னாடி ஒரு பல்பு. "வேலை நடக்குது"ன்னு வெட்ட ஆரம்பிச்ச பிறகுதான் ஒண்ணு உறைச்சுது. நம்ம எழுத்துல இருக்கற சுழியெல்லாம் தீவு மாதிரி. வ-வோட வயிறு, லை-யோட சுழி எல்லாம் வெட்டினதும் கீழ விழுந்துடுது. மிச்சம் இருந்ததைப் பார்த்து அப்பா "இது என்ன, கொசு பேட்டா?"ன்னாரு.

சரின்னு ரிச்சி தெருவுக்குப் போயி 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒரு சுருள், அடாப்டர், சுவிட்ச் வாங்கினேன். 5 மி.மீ. கண்ணாடி அக்ரிலிக் ஷீட்ல எழுத்தைப் பொறிக்கறதுக்கு ஒரு லேசர் கடையைப் பிடிச்சேன். அங்க நம்ம பழைய நண்பன் காத்துக்கிட்டிருந்தான். யூனிகோடுல அடிச்சுக் கொண்டு போனா அவங்க மென்பொருள்ல கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வேற. கடைசியில பாமினி எழுத்துருவுக்கு மாத்தி எடுத்துட்டுப் போய்தான் வேலை முடிஞ்சுது. டிஸ்கி, பாமினின்னு எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு நினைச்ச சண்டை, லேசர் கடையில இன்னும் முடியலை மக்களே.

இந்த மாதிரி அக்ரிலிக் போர்டு எப்படி எரியுதுங்கறதுக்கே ஒரு கதை இருக்கு. வெளிச்சம் ஷீட்டோட ஓரத்து வழியா உள்ள நுழையுது. ரெண்டு பக்கச் சுவரிலும் மோதி மோதி, வெளிய வர முடியாம உள்ளேயே ஓடுது. அக்ரிலிக்கோட ஒளிவிலகல் எண் சுமார் 1.49. அதனால 42 டிகிரிக்கு மேல சாய்வா மோதற ஒளி எல்லாம் திரும்ப உள்ளதான் போயாகணும். பொறிச்ச இடத்துல மட்டும் பரப்பு சொரசொரப்பா இருக்கறதால அங்க தப்பிச்சு வெளிய வருது. அதுதான் நம்ம கண்ணுக்கு எழுத்து. இதை 1841 வாக்குல ஜெனீவாவுல டேனியல் கொலாடன்ங்கற பேராசிரியர் தண்ணியை வெச்சுக் காட்டினாரு. தொட்டியில ஒரு ஓட்டை, அது வழியா வளைஞ்சு விழற தண்ணித் தாரை, அந்தத் தாரைக்குள்ளேயே வளைஞ்சு போகற வெளிச்சம். வகுப்புல எல்லாருக்கும் தெரியணும்னு பண்ணின வித்தை. நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1954ல நம்ம பஞ்சாப்காரர் நரிந்தர் சிங் கபானி லண்டன்ல ஹாப்கின்ஸோட சேர்ந்து கண்ணாடி இழைக் கத்தை வழியா படத்தையே அனுப்பிக் காட்டினாரு. என் ரூமுக்கு வர்ற ஃபைபர் இன்டர்நெட்டும் கதவு மேல இருக்கற போர்டும் ஒரே தாத்தாவோட பேரப்பிள்ளைங்க.

இப்ப விளக்கு. கடையில எல்லாரும் "நியான் போர்டு"ன்னுதான் கேக்கறாங்க. இன்னிக்கு அந்தப் பேர்ல வீட்டுக்கு விக்கறதுல பெரும்பாலும் நியான் துளிகூட கிடையாது. சிலிக்கோன் குழாய்க்குள்ள எல்.இ.டி. பட்டை. நிஜ நியானை 1898ல லண்டன்ல வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் கண்டுபிடிச்சாங்க. குளிர வெச்சு திரவமாக்கின காத்துல இருந்து பிரிச்சு, குழாயில அடைச்சு மின்சாரம் விட்டப்போ வந்த செக்கச்செவேல் வெளிச்சத்தைப் பார்த்து மனுஷங்க அசந்துட்டாங்க. 1910ல பாரிஸ் மோட்டார் கண்காட்சியில ஜார்ஜ் கிளாட் அதைப் பெரிய குழாயா எரிய விட்டாரு. விளம்பரப் போர்டு யுகம் அங்க தொடங்குது.

நமக்கு இதுல என்ன சொந்தம்னா, ஜாம்ஷெட்ஜி டாடா ஒரு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கணும்னு நினைச்சப்போ, எந்த ஊர்ல வைக்கலாம்னு பார்த்துச் சொல்ல இந்தியாவுக்கு வந்தவர் இதே ராம்சே. பெங்களூர்னு சொன்னாரு. அந்த இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இயக்குநரா 1906ல வந்தவர் இதே டிராவர்ஸ். 1914 வரைக்கும் இருந்தாரு. பொட்டி தட்டறவன் எல்லாம் பெங்களூர் போகறதுக்கு ரொம்ப முன்னாடியே நியான் போயிடுச்சு :-)

நான் வாங்கினது எல்.இ.டி. அதோட கதை ரேடியோவுல தொடங்குது. ஆரம்ப கால ரேடியோவுல சிக்னலைப் பிடிக்க ஒரு படிகத் துண்டு, அதுமேல ஊசி மாதிரி ஒரு கம்பி. 1907ல மார்க்கோனிகிட்ட வேலை பார்த்த ஹென்றி ரவுண்ட், சிலிக்கன் கார்பைடு படிகத்துல மின்சாரம் விட்டப்போ மஞ்சளா ஒரு ஒளி வர்றதைப் பார்த்து, குட்டியா ஒரு குறிப்பு எழுதிப் போட்டுட்டுப் போயிட்டாரு. 1920கள்ல ரஷ்யாவுல ஓலெக் லோசெவ்னு ஒரு டெக்னீஷியன். பெரிய பட்டம் கிடையாது, பதவி கிடையாது. அதே ஒளியைத் திரும்பப் பார்த்து, இது சூட்டால வர்ற வெளிச்சம் இல்லைன்னு சோதிச்சு, 1927ல கட்டுரை எழுதினாரு. 1942ல லெனின்கிராட் முற்றுகையில பட்டினியில செத்துப் போனாரு. அவருக்கு வயசு 38. அப்புறம் 1962ல அமெரிக்காவுல நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியற சிவப்பு எல்.இ.டி.யைப் பண்ணினாரு. நம்ம சின்ன வயசு டி.வி., டேப் ரெக்கார்டர்ல ஆன் பண்ணினா எரியற அந்தச் சிவப்புப் புள்ளி, அவரோட வாரிசு.

நீலம் வர 30 வருஷம் ஆச்சு. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட் வேணும். கேக்க சின்ன வித்தியாசம். ஆனா அதுக்கான காலியம் நைட்ரைடு படிகத்தை ஒழுங்கா வளர்க்கத்தான் யாராலயும் முடியலை. அகாசாகியும் அமானோவும் பாதையைப் போட, 1993ல ஜப்பான்ல ஒரு சின்ன ஊர்க் கம்பெனியில இருந்த நகமுரா பிரகாசமான நீலத்தை எரிய வெச்சாரு. 2014ல மூணு பேருக்கும் நோபல். அந்தக் காப்புரிமைக்கு அவருக்குக் கம்பெனி குடுத்த போனஸ் 20,000 யென். அப்ரைசல் கடுப்புல இருக்கற சொந்தங்கள் கவனிக்கவும். அவர் சும்மா விடலை, கேஸ் போட்டாரு. 2004ல கோர்ட் 2,000 கோடி யென் குடுக்கச் சொல்லுச்சு. அப்பீல்ல போயி அடுத்த வருஷம் சுமார் 84 கோடி யென்னுக்கு சமரசமாச்சு.

லோசெவ் அங்க படிகத்தை நோண்டிக்கிட்டிருந்த அதே காலத்துல, 1924ல, இங்க மெட்ராஸ்ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பே பண்ணினாங்க. பம்பாய்ல 1927ல பெரிய கம்பெனி ரேடியோ நிலையம் வர்றதுக்கு முன்னாடி! காசு கட்டுப்படியாகாம 1927ல மூடிட்டாங்க. அந்தக் கருவியை வெச்சு 1930ல மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்துச்சு. சாயங்காலம் சங்கீதம், கடற்கரையில ஒலிபெருக்கி, கூட்டமா நின்னு கேக்கற ஜனம். 1938 ஜூன் 16ல அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூர்ல தொடங்கிச்சு.

அப்ப கச்சேரின்னா நேரடி ஒலிபரப்புதான். டேப்புல பதிஞ்சு வெட்டி ஒட்டற வசதி கிடையாது. பாடகர் இருமினா ஊரே கேக்கும், கதவு கிறீச்சிட்டா ஊரே கேக்கும். ஸ்டூடியோ கதவு மேல எரியற சிவப்பு விளக்குக்கு இருந்த மரியாதை அதனால வந்தது. உள்ள இருக்கறவர் வெளிய கத்திச் சொல்ல முடியாது, வெளிய இருக்கறவர் தட்டிக் கேக்க முடியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல சத்தம் போடாம பேசற ஒரே ஆள் அந்த விளக்கு. பேசும்படம் வந்ததும் சினிமா ஸ்டூடியோ கதவுக்கும் அதே விளக்கு போச்சு. நம்ம மியூட் பட்டனுக்கு கொள்ளுத்தாத்தா.

ஆனா ஏன் சிவப்பு? வாட்ஸப்புல ஒரு பதில் சுத்துது. சிவப்பு ஒளி காத்துல குறைவா சிதறும், தூரத்துல இருந்தே தெரியும், அதனாலதான் அபாயத்துக்கு சிவப்புன்னு. கேக்க அழகா இருக்கு. ஆனா ஒளிச் சிதறலுக்கு ராலே கணக்குப் போட்டது 1871ல. இங்கிலாந்து ரயில்வேக்காரங்க பர்மிங்காம்ல கூடி சிவப்புன்னா அபாயம், பச்சைன்னா எச்சரிக்கை, வெள்ளைன்னா போகலாம்னு பேசி முடிச்சது 1841ல. 30 வருஷம் முந்தி! ரத்தம், நெருப்பு, எச்சரிக்கைக் கொடின்னு காலங்காலமா வந்த பழக்கத்தைத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்க.

கவனிச்சீங்களா, அப்ப பச்சை எச்சரிக்கை, வெள்ளைதான் "போ". இதுல ஒரு ஓட்டை இருக்கு. சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்தா பின்னாடி இருக்கற விளக்கு வெள்ளையா தெரியும். நில்லுன்னு சொல்ல வேண்டிய சிக்னல் போன்னு சொல்லும். 1890கள்ல அங்க ரயில்வேக்காரங்க வெள்ளையைத் தூக்கிட்டு "போ"வுக்குப் பச்சையைக் கொண்டு வந்தாங்க.

இதெல்லாம் படிச்சது அப்பாவால. அவர் ரயில்வேயில சிக்னல் மெயின்டெய்னரா இருந்து ரிட்டயர் ஆனவர். கடற்கரை - தாம்பரம் பாதை 1931ல மின்மயமானது. அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 வரைக்கும் ஓடுச்சு. அதோட கடைசிக் காலத்தைக் கூட இருந்து பார்த்தவர் அப்பா. என் போர்டை மாட்டின முதல் வாரம் ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது வாரம் கரண்ட் போச்சு. மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் இன்வெர்ட்டர் உண்டு, போர்டு மாட்டின பிளக்குக்கு இல்லை. கால் ஓடுது, போர்டு அணைஞ்சுடுச்சு, அம்மா உள்ள வந்துட்டாங்க, இந்த முறை கையில முருங்கைக்கீரைக் கட்டோட.

சாயங்காலம் அப்பா சொன்னாரு: "உன் சிக்னல் தப்பான பக்கம் ஃபெயில் ஆகுதுடா."

அப்புறம் உக்கார வெச்சு ஒரு மணி நேரம் கிளாஸ். 1876 ஜனவரி 21, இங்கிலாந்துல ஆபட்ஸ் ரிப்டன்னு ஒரு ஊர். கடும் பனி. அந்தக் காலத்துக் கைகாட்டி, போகலாம்னா கம்பத்துல இருக்கற பொளிவுக்குள்ள இறங்கி மறைஞ்சுக்கும். சும்மா இருக்கறப்போ அது "போ"ன்னுதான் இருக்கும், வேணும்னாதான் "நில்"லுக்குத் தூக்குவாங்க. பனி பொளிவுக்குள்ள உறைஞ்சு கை மாட்டிக்கிச்சு. கேபின்ல நெம்புகோலைத் தள்ளினவர் கை மேல போயிடுச்சுன்னே நினைச்சாரு. எடின்பரோவுல இருந்து லண்டன் போன எக்ஸ்பிரஸ், முன்னாடி ஒதுக்கிக்கிட்டிருந்த நிலக்கரி வண்டி மேல மோதிச்சு. சிதறிக் கிடந்த பெட்டிங்க மேல எதிர்ல வந்த லீட்ஸ் எக்ஸ்பிரஸ் மோதிச்சு. பத்துப் பேருக்கு மேல செத்தாங்க.

அதுக்கப்புறம்தான் விதியைத் திருப்பிப் போட்டாங்க. சும்மா இருந்தா "நில்". எல்லாம் சரியா இருந்தா மட்டும் "போ". நம்ம ஊர்க் கைகாட்டியில கம்பி அறுந்தா எடைக்கட்டை கையைத் தானா "நில்"லுக்குத் தள்ளிடும். அதே புத்திதான் 1872ல அமெரிக்காவுல வில்லியம் ராபின்சன் காப்புரிமை வாங்கின டிராக் சர்க்யூட்டும். தண்டவாளத்துலயே சின்ன மின்சாரம் ஓடும். அது ஓடினாத்தான் ரிலே தூக்கி நிக்கும், பச்சை கிடைக்கும். ரயிலோட சக்கரமும் அச்சும் குறுக்க வந்து மின்சாரத்தை வழி மாத்தினா ரிலே விழுந்துடும், சிவப்பு. பேட்டரி செத்தாலும் சிவப்பு, ஒயர் அறுந்தாலும் சிவப்பு, தண்டவாளம் உடைஞ்சாலும் பெரும்பாலும் சிவப்பு. எந்தத் தப்பு நடந்தாலும் ரயில் நிக்கும். 150 வருஷத்துக்கு முன்னாடி எழுதின எர்ரர் ஹேண்ட்லிங், நான் ஆபீஸ்ல எழுதறதை விட நல்லா இருக்கு.

இன்னொண்ணு சொன்னாரு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பழைய கைகாட்டி விளக்குல பச்சைக் கண்ணாடின்னு ஒண்ணு இருக்குமே, அதைக் கழட்டிக் கையில வெச்சுப் பார்த்தா நீலம் கலந்துதான் இருக்குமாம். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அந்த மஞ்சளும் இந்த நீலமும் சேர்ந்துதான் டிரைவர் கண்ணுக்குப் பச்சை.

சரின்னு ரெண்டாவது மாடல். சிவப்பு, பச்சை ரெண்டும் வெச்சேன். பச்சை எரிஞ்சா மட்டும் உள்ள வரலாம். சிவப்புன்னாலும் வரக்கூடாது, எதுவும் எரியலைன்னாலும் வரக்கூடாது. அப்பா பாஸ் மார்க் போட்டாரு. வீட்டுல அமைதி. அம்மா ரூம் பக்கம் வர்றதே குறைஞ்சு போச்சு. எனக்கு அது பெரிய வெற்றியா தெரிஞ்சுது.

போன மாசம் ஒரு நாள் மதியம். அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தாரு. எனக்கு கால் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு, சுவிட்சைப் போட மறந்துட்டேன். ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஏதோ வீடியோ. தண்ணி குடிக்கலாம்னு கதவைத் திறந்தா, அம்மா வாசப்படி பக்கத்துல தரையில உக்காந்திருக்காங்க. முகமெல்லாம் வேர்வை, கை நடுங்குது. சுகர் இறங்கிடுச்சு. காலையில மாத்திரை போட்டுட்டு சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்காங்க. சர்க்கரையைக் கரைச்சுக் குடுத்து, கால் மணி நேரத்துல சரியாச்சு. "ஏம்மா கூப்பிடலை?"ன்னேன்.

"சிவப்பு எரிஞ்சுதேப்பா."

அன்னிக்கு ராத்திரி போர்டைக் கழட்டி மேசை மேல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்பா வந்து பக்கத்துல உக்காந்தாரு. ரயில்ல "நில்"லுன்னா எப்பவும் பத்திரம். வண்டி லேட்டாகும், அவ்வளவுதான். வீட்டுல "நில்"லு பத்திரமே இல்லை, அதை நானும் யோசிக்கலை, அவரும் யோசிக்கலை. தூக்கிக் குப்பையில போடலாம்னேன். அவர் வேண்டாம்னாரு. ரயில்வேயில காலிங் ஆன் சிக்னல்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னாரு. சிவப்புக்குக் கீழேயே சின்னதா இருக்கும். பெரிய சிக்னல் சிவப்பாவே இருந்தாலும், வண்டி வந்து நின்ன பிறகு இது எரிஞ்சா, எச்சரிக்கையா மெதுவா உள்ள வரலாம்.

மூணாவது மாடல் இப்ப கதவுல இருக்கு. சுவிட்ச் கிடையாது. லேப்டாப்புல மைக் ஓடினா மட்டும் சிவப்பு, நின்னா தானா பச்சை. நான் மறக்க வழியில்லை. இன்வெர்ட்டர் பிளக்குல மாட்டியாச்சு. கரண்ட் மொத்தமா போயி ரெண்டும் அணைஞ்சா உள்ள வரலாம்னு விதியையும் திரும்ப மாத்தியாச்சு. மோர்க்குழம்பு மானம் போனா போகட்டும். போர்டுக்குக் கீழ, தரையில உக்காந்தாலும் எட்டற உயரத்துல ஒரு பெரிய பட்டன். அழுத்தினா என் மேசையில மஞ்சள் விளக்கு மின்னும், பஸ்ஸரும் கத்தும், சிவப்பு எரிஞ்சாலும் எரியாட்டியும். உயரத்தை அளந்து குறிச்சது அப்பா.

அம்மா அதை இதுவரைக்கும் மூணு தடவை அழுத்தியிருக்காங்க. ரெண்டு தடவை காபி, ஒரு தடவை "இது வேலை செய்யுதான்னு பார்த்தேன்".

பச்சைக்கு மட்டும் அப்பாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. எல்.இ.டி. பச்சை கண்ணைக் குத்துதாம், கைகாட்டிப் பச்சை மாதிரி வரலையாம். பழைய மண்ணெண்ணெய் சிக்னல் விளக்கோட நீலப் பச்சைக் கண்ணாடி, உடைசலா இருந்தாலும் பரவாயில்லை, பழைய இரும்புக் கடைப் பக்கம் யார் கண்ணுலயாவது பட்டா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க மக்களே. நானும் அப்பாவும் வண்டி எடுத்துக்கிட்டு வந்துடறோம்.